விண்டோஸ் 11 மின்சேமிப்பு வசதிகள்: திறந்திருக்கும்போது நல்ல பிள்ளை, மூடினால் தொல்லை

விண்டோஸ் 11-இல் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வசதிகள் ஓரிடத்தில் இல்லை. பாதி செட்டிங்ஸில் இருக்கிறது. கொஞ்சம் பழைய கன்ட்ரோல் பேனலில் தங்கிவிட்டது. சிலது டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் கட்டளை தட்டினால்தான் கண்ணில் படும். எத்தனை சதவீதத்தில் சார்ஜை நிறுத்துவது என்ற சார்ஜ் வரம்போ லேப்டாப் கம்பெனி தரும் ஆப்பிலோ, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் செட்டிங்ஸிலோ இருக்கும். இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் பலரும் பிரைட்னஸைக் குறைத்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். லேப்டாப்பைத் திறந்து வேலை செய்யும் நேரத்தில் விண்டோஸ் 11 நன்றாகவே சிக்கனம் பிடிக்கிறது. மூடி வைத்த நேரத்தில் அதை நம்ப முடியாது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அது தரும் கருவிகள் முதல் தரம். ஆனால் சாதாரணமாகப் பயன்படுத்துபவர் எட்டிப் பார்க்காத இடத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள். இங்கே சொல்லியிருப்பவை 2024 அக்டோபரில் வெளிவந்த 24எச்2 பதிப்பையும் அதற்குப் பின் வந்தவற்றையும் வைத்து எழுதியவை. பழைய பதிப்புகளில் சில பெயர்கள் மாறியிருக்கும்.

அளந்துவிட்டுத் தொடங்குங்கள்

எந்த செட்டிங்கைத் தொடுவதற்கு முன்பும் பேட்டரி ரிப்போர்ட் எடுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டெர்மினலைத் திறக்கவும். கட்டளையின் பெயர் பவர்சிஎஃப்ஜி. ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றெழுத்தையும் இடைவெளி விடாமல் ஒட்டித் தட்ட வேண்டும். பிறகு ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்கோடு (/), அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக. என்டர் தட்டியதும் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு உருவாகும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்று முழு முகவரியும் அடுத்த வரியிலேயே வந்துவிடும். இதற்கு அட்மின் (நிர்வாகி) உரிமை தேவையில்லை. அட்மின் டெர்மினலில் தட்டினால் கோப்பு சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போய் விழலாம், அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது முழு சார்ஜில் பிடிப்பது). முதலாவது 50,000 மில்லிவாட்-மணி, இரண்டாவது 41,000 என்று இருந்தால் பேட்டரியின் உயிர் 82 சதவீதம். போன 18 சதவீதத்தை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது. 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்ட பேட்டரிக்கு செட்டிங்கை நோண்டிப் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. புது லேப்டாப்பில் ஃபுல் சார்ஜ் எண் டிசைன் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அது பழுது இல்லை. சைக்கிள் கவுன்ட் (எத்தனை முறை முழுதாகச் சார்ஜாகித் தீர்ந்தது என்ற எண்ணிக்கை) இருக்க வேண்டிய இடத்தில் சில லேப்டாப்கள் வெறும் கோடு மட்டும் காட்டும்.

அடுத்து, பேட்டரி யூசேஜ் என்ற பட்டியல். எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லிவாட்-மணி செலவானது என்று வரிவரியாக இருக்கும். 2 மணி நேரத்தில் 16,000 குறைந்திருந்தால் சராசரிச் செலவு 8 வாட். மேலே சொன்ன 41,000 பேட்டரி அந்த வேகத்தில் 5 மணி நேரம் சொச்சம் தாங்கும். அதே வேலையை 6 வாட்டில் முடித்தால் கிட்டத்தட்ட 6 மணி 50 நிமிடம் கிடைக்கும். வெறும் 2 வாட் குறைந்ததற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரவு! ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த வாட் கணக்கில்தான் எடை போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பிரைட்னஸில், அதே மாதிரி வேலையை அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது, எது தொல்லை தந்தது என்று பிரித்தறிய முடியாது.

பவர் மோடும் எனர்ஜி சேவரும்

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் & பேட்டரி என்று போனால் பவர் மோடு இருக்கும். பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி, பேலன்ஸ்டு, பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என மூன்று நிலைகள். சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது வேறொன்று என்று தனித்தனியாக வைக்கலாம். வேகத்தின் பக்கம் சாய்வதா, சிக்கனத்தின் பக்கம் சாய்வதா என்று பிராசசருக்குச் சொல்லும் வேலையைத்தான் இது முக்கியமாகச் செய்கிறது. பேட்டரியில் எஃபிஷியன்சி, சார்ஜரில் பேலன்ஸ்டு என்று வைத்துவிட்டால் எழுத்து வேலை, பிரவுசர், வீடியோ அழைப்பு எதிலும் பெரிய மந்தம் தெரியாது.

பவர் மோடு மங்கலாகி, மாற்ற முடியாமல் நின்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. எனர்ஜி சேவர் ஆன் ஆகியிருக்கும், அல்லது கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் யாரோ ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளானைத் தேர்ந்தெடுத்து விட்டிருப்பார்கள். பிளானைப் பேலன்ஸ்டுக்கு மாற்றினால் பவர் மோடு உயிர்பெறும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேப்டாப் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு ஒரு மோடு வைத்திருக்கின்றன. லெனோவாவில் எஃப்என் விசையோடு க்யூ அழுத்தினால் மாறுவது அந்த வகைதான். பிராசசர் அதிகபட்சம் எத்தனை வாட் இழுக்கலாம், ஃபேன் எவ்வளவு சுற்றலாம் என்பதை அது ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) மட்டத்திலேயே கட்டிவிடும். கம்பெனி மோடு 'குவயட்'டில் இருந்தால் விண்டோஸில் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் வைத்தும் வேகம் வராது. லேப்டாப் திடீரென்று மந்தமாகிவிட்டது என்று புகார் வரும்போது முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எனர்ஜி சேவர் 24எச்2-வின் நல்ல சேர்க்கை. பழைய பேட்டரி சேவரின் இடத்துக்கு வந்தது. சார்ஜரில் இருக்கும்போதும் ஓடும், டெஸ்க்டாப்பிலும் ஓடும். திரையின் ஒளியை 30 சதவீதம் குறைக்கும், பின்னணியில் ஓடும் ஆப்களை அடக்கும். எத்தனை சதவீதத்தில் தானாக ஆன் ஆக வேண்டும் என்பதை நாமே வைக்கலாம். நாள் முழுக்க ஆவணங்களிலும் மெயிலிலும் இருப்பவர்கள் எப்போதும் ஆனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பிரைட்னஸைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு 30 சதவீதக் குறைப்பு கண்ணை வருத்தும். ஒளியைக் குறைக்கும் சுவிட்சை மட்டும் தனியாக அணைத்துவிடலாம், மற்ற சேமிப்பு தொடரும்.

கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இந்த நேரத்தில் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும். லேப்டாப்பில் திருத்திய கோப்பை மற்றொரு கணினியில் திறந்தால் பழைய பிரதி வந்து நிற்கும், தெரியாமல் அதன்மேல் எழுதிவிட்டால் இரண்டு பிரதிகள் முட்டிக்கொள்ளும். ஒன்டிரைவின் செட்டிங்ஸில் பேட்டரி சேவரின்போது நிறுத்தும் விருப்பத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

திரை

இலகுவான வேலையில் பேட்டரியை அதிகம் தின்பது பெரும்பாலும் திரைதான். பிரைட்னஸைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடுவது ரெஃப்ரெஷ் ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதில். 120, 144, 165 ஹெர்ட்ஸ் திரை உள்ள லேப்டாப்பை வாங்கியவர்கள் பேட்டரியிலும் அதே வேகத்தில் ஓட்டுகிறார்கள். சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். டைனமிக் என்ற விருப்பம் தெரிந்தால் அதையே வைக்கலாம், ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் ஏற்றி மற்ற நேரத்தில் தாழ்த்திக்கொள்ளும். சில லேப்டாப்களில் கம்பெனி ஆப்பே சார்ஜரைப் பிடுங்கியதும் 60-க்கு இறக்கிவிடும். திரை ஒரு நொடி கறுத்து வருவதைப் பார்த்துப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

டார்க் மோடு மின்சாரம் மிச்சம் பிடிக்குமா என்பது திரையின் வகையைப் பொறுத்தது. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி ஒளிர்வதே இல்லை, அதனால் உண்மையாகவே மிச்சம். ஐபிஎஸ் போன்ற எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டே இருக்கும். அங்கே டார்க் மோடு கண்ணுக்கு இதம் தரலாம், பேட்டரிக்கு ஒன்றும் தராது.

டிஸ்ப்ளே பக்கத்தில் பிரைட்னஸுக்குக் கீழே, காட்சிக்கேற்ப ஒளியை மாற்றும் விருப்பமும் பல லேப்டாப்களில் இருக்கும். வெள்ளைப் பக்கத்திலிருந்து இருண்ட படத்துக்கு மாறும்போது திரை தானாக மங்குவது இதனால்தான். படம் திருத்துபவர்கள், நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் இதை அணைத்தே வைக்க வேண்டும். மற்றவர்கள் பேட்டரியில் மட்டும் என்று விடலாம்.

பிராசசர், கிராஃபிக்ஸ், வீடியோ

பிராசசரின் வேகம் கூடும்போது அதற்குத் தரும் வோல்டேஜும் கூட வேண்டும். மின்செலவு வோல்டேஜின் இருமடியோடு ஏறுகிறது. அதனால்தான் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தின் கடைசிக் கொஞ்சத்துக்கு அநியாய விலை கொடுக்கிறோம். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பிராசசர் பவர் மேனேஜ்மென்ட்டுக்குள் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை பேட்டரிக்கு மட்டும் 99 என்று வையுங்கள். அந்த ஒரு சதவீதக் குறைப்பில் டர்போ மொத்தமாக நின்றுவிடும், ஃபேன் சத்தமும் சூடும் உடனே தணியும். நீண்ட நேரம் ஓடும் வேலைகளில், வீடியோ அழைப்பில், பெரிய ஷீட்களில் பலன் நன்றாகத் தெரியும். சட்டென்று முடியும் வேலைகளில் மிச்சம் குறைவு, வேலையை வேகமாக முடித்துவிட்டுத் தூங்கப் போகும் பிராசசரைத் தடுத்துப் பெரிதாக லாபமில்லை. அடிப்படை வேகமே குறைவாக உள்ள மெல்லிய லேப்டாப்களில் 99 வைத்தால் பிரவுசரே திணறும். அங்கே 100-லேயே விட்டு, பவர் மோடை மட்டும் நம்புங்கள். சில லேப்டாப்களில் இந்த வரியே பட்டியலில் தெரியாது.

தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது சும்மா இருக்கும்போது உண்மையாகவே தூங்குகிறதா என்பது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு என்ஜின் (ஜிபியு என்றால் கிராஃபிக்ஸ் சிப்) என்ற பத்தியை இயக்கினால் எந்த ஆப் எந்தச் சிப்பில் ஓடுகிறது என்று தெரியும். வேண்டாத ஆப்பை டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் பக்கத்தில் பவர் சேவிங் என்று குறித்துவிடலாம். ஹெச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடு நேராக இணைந்த லேப்டாப்களில், வெளி மானிட்டர் செருகியிருக்கும்வரை அந்தச் சிப் தூங்கவே தூங்காது. இதற்கு செட்டிங் மருந்து கிடையாது, கேபிளைப் பிடுங்குவதுதான்.

ஆன்லைன் வீடியோ பார்க்கையில் ஃபேன் அலறினால் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைத் திறந்து வீடியோ டிகோட் வரைபடத்தைப் பாருங்கள். கோடு அசையாமல் தரையில் கிடந்தால், அந்த வீடியோ வடிவத்தைப் பிரிக்கும் வசதி சிப்பில் இல்லை, அல்லது பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (வீடியோ வேலையைச் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) அணைந்திருக்கிறது. இரண்டாவதென்றால் பிரவுசரின் சிஸ்டம் செட்டிங்ஸில் இயக்கிவிட்டு மறுபடி திறந்தால் போதும்.

யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்ட், பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட், வயர்லெஸ் அடாப்டர் ஆகியவற்றை நிறுவியபோது இருந்தபடியே விட்டுவிடுங்கள். யுஎஸ்பி மவுஸ் சற்று நேரம் கழித்துத் தொடும்போது திக்கினாலோ, வெளி சவுண்ட் கார்டு அடிக்கடி அறுந்தாலோ மட்டும் செலெக்டிவ் சஸ்பெண்டை அணைத்துப் பாருங்கள். பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்பு ஆப்கள் எதுவும் தேவையில்லை. விண்டோஸோடும் கம்பெனி மோடோடும் மல்லுக்கட்டுவதுதான் மிச்சம்.

மூடி வைத்த பிறகு

இனி விண்டோஸ் 11 தோற்கும் இடம். ராத்திரி 80 சதவீதத்தோடு மூடி வைத்த லேப்டாப் காலையில் 50-இல் இருக்கும். பைக்குள் வைத்தது கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகிறார்கள். பல நேரம் பேட்டரியில் ஒரு குறையும் இருக்காது, தூங்கும் முறையில்தான் கோளாறு.

பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால் எஸ்3. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் அதற்குப் பதில் எஸ்0 லோ பவர் ஐடில், அதாவது மாடர்ன் ஸ்டாண்ட்பை. கைபேசியைப் போல, திரை அணைந்தாலும் கணினி அரைத்தூக்கத்தில் இருந்து அவ்வப்போது விழித்து மெயில், அப்டேட் பார்க்கும். கொள்கையில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் ஒரே ஒரு டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைக்காவிட்டாலும் தூக்கம் கலைந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று அறிய, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, முன்சாய்கோடு, 'ஏ' என்று ஒற்றை ஆங்கில எழுத்து. கிடைக்கும் நிலைகளையும், கிடைக்காதவற்றுக்கான காரணத்தையும் பட்டியலிடும். எஸ்3 கிடைக்காத பட்டியலில் இருந்தால் ஃபர்ம்வேரே அதைத் தரவில்லை என்று பொருள். விண்டோஸின் உள்அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி எஸ்3-ஐ வரவழைக்கும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. ஃபர்ம்வேர் தராத நிலையை விண்டோஸால் உண்டாக்க முடியாது. வலிந்து செய்தால் ஸ்லீப் என்ற விருப்பமே காணாமல் போகலாம்.

இங்கேதான் விண்டோஸின் மிகச் சிறந்த கருவி கைகொடுக்கிறது: ஸ்லீப்ஸ்டடி. இதற்கு அட்மின் டெர்மினல் வேண்டும். அதே பவர்சிஎஃப்ஜி-யோடு, முன்சாய்கோட்டை அடுத்து 'ஸ்லீப்ஸ்டடி' என்று ஒட்டித் தட்டினால் கடந்த 3 நாள்களின் கணக்கு ஹெச்டிஎம்எல் கோப்பாக வரும். ஒவ்வொரு தூக்கமும் ஒரு வரி: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம், எத்தனை மில்லிவாட்-மணி போனது. அதிகம் தின்ற வரிகள் சிவப்பில் நிற்கும். அந்த வரியைத் திறந்தால், லேப்டாப் உண்மையான ஆழ்ந்த தூக்கத்தில் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று சாஃப்ட்வேருக்கு ஒன்று, ஹார்டுவேருக்கு ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் 90-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. சாஃப்ட்வேர் 95, ஹார்டுவேர் 10 என்று வந்தால் ஏதோ ஒரு சாதனமோ அதன் டிரைவரோ சிப்பைத் தூங்க விடவில்லை. இரண்டுமே குறைவென்றால் ஏதோ ஓர் ஆப்போ சர்வீஸோ வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. கீழே டாப் அஃபெண்டர்ஸ் பட்டியலில் அதன் பெயரே இருக்கும். வைஃபை, ஆடியோ, யுஎஸ்பி கன்ட்ரோலர் ஆகியவை அடிக்கடி வரும் பெயர்கள். லேப்டாப் கம்பெனியின் பக்கத்திலிருந்து அந்த டிரைவரையும் பயாஸையும் புதுப்பித்துவிட்டு, இரண்டு ராத்திரி கழித்து மறுபடி ரிப்போர்ட் எடுத்து ஒப்பிடுங்கள். யுஎஸ்பியில் செருகியே கிடக்கும் மவுஸ் ரிசீவரையும் ஹப்பையும் ஒரு ராத்திரி பிடுங்கிவைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை.

லேப்டாப் தூங்கவே மறுத்தால் வேறொரு கட்டளை, அதுவும் அட்மின் டெர்மினலில்: பவர்சிஎஃப்ஜி-யோடு, முன்சாய்கோட்டுக்குப் பின் 'ரிக்வெஸ்ட்ஸ்'. யார் தடுக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லும். ஏதோ ஆடியோ ஓடிக்கொண்டிருக்கிறது என்ற வரிதான் அதிகம் வரும். எங்கோ ஒரு பிரவுசர் டேப் சத்தமில்லாமல் எதையோ ஓட்டிக்கொண்டிருக்கும். தானாக விழித்துக்கொள்ளும் லேப்டாப்புக்கு அதேபோல 'லாஸ்ட்வேக்' என்ற கட்டளை. விழிக்க வைத்தது மவுஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் தாவலில் எழுப்பும் அனுமதியை எடுத்துவிடலாம்.

இத்தனையும் பார்க்கப் பொறுமையில்லாதவர்களுக்கும், டிரைவர் புதுப்பித்தும் தீராதவர்களுக்கும் உறுதியான வழி ஹைபர்னேட். ரேமில் உள்ளதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு லேப்டாப் முழுதாக அணைந்துவிடும், பேட்டரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மெனுவில் காணோமென்றால் அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி-யோடு முன்சாய்கோடு 'ஹைபர்னேட்', இடைவெளி, 'ஆன்' என்று தட்டவும். பிறகு கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில், பேட்டரிக்கு ஹைபர்னேட் என்று வையுங்கள். இதற்காக சி டிரைவில் ஒதுக்கும் இடம் வழக்கமாக ரேமின் 40 சதவீதம். 16 ஜிபி ரேமுக்கு 6.4 ஜிபி. மறுபடி திறக்கச் சில நொடிகள் கூடுதலாகும். பைக்குள் போகும் லேப்டாப்புக்கு இதைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. மேசையிலேயே திறந்து மூடிக்கொண்டிருப்பவர்கள், ஸ்லீப்பை வைத்துக்கொண்டு சற்று நேரம் கழித்துத் தானாக ஹைபர்னேட்டுக்குப் போகும்படி ஸ்க்ரீன், ஸ்லீப் & ஹைபர்னேட் டைம்அவுட்ஸ் பகுதியில் வைக்கலாம்.

சார்ஜ் வரம்பும் கடைசி 5 சதவீதமும்

லித்தியம் பேட்டரியை வயதாக்குபவற்றில் முக்கியமானவை இரண்டு: முழு சார்ஜில் நீண்ட நேரம் நிற்பதும், சூடும். சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. இதைத் தடுக்க எல்லா லேப்டாப்புக்கும் பொதுவான 80 சதவீத சுவிட்ச் ஒன்றை விண்டோஸ் இன்னும் தரவில்லை என்பது பெரிய குறை. கம்பெனி ஆப்களில்தான் தேட வேண்டும். அசூஸில் மைஅசூஸ், லெனோவாவில் வாண்டேஜின் கன்சர்வேஷன் மோடு. டெல், ஹெச்பி லேப்டாப்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே உண்டு. தொடங்கும் வரம்பு, நிற்கும் வரம்பு என்று இரண்டு எண்கள் கேட்டால் 75, 80 நல்ல ஜோடி. வெளியூர் கிளம்பும் முன் மறக்காமல் 100-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு சார்ஜ் 80-லேயே நிற்கிறது, பேட்டரி போய்விட்டது என்ற புகார் அடிக்கடி வரும். வரம்பு ஃபர்ம்வேரில் பதிந்து கிடக்கும், அதை மாற்றும் ஆப்தான் அழிந்திருக்கும். ஆப்பை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும்.

கடைசியாக, அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் பேட்டரி என்ற தலைப்பைத் திறந்து, கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன் ஹைபர்னேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீப்பிலோ ஒன்றும் செய்யாதே என்பதிலோ இருந்தால் சேமிக்காத வேலை அப்படியே போகும். வழக்கமான வரம்பு 5 சதவீதம். பழைய பேட்டரிகள் 10 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடும், தேய்ந்த செல்லின் வோல்டேஜ் திடீரெனச் சரிவதே காரணம். அப்படிப்பட்ட லேப்டாப்பில் கிரிட்டிகல் அளவை 12-க்கும், லோ பேட்டரி எச்சரிக்கையை 20-க்கும் ஏற்றி வையுங்கள். லோ அளவை முதலில் ஏற்றிவிட்டுக் கிரிட்டிகலைத் தொடுவது நல்லது.